வியாழக்கிழமை வலிப்பு

ஊர்த்தலைவர் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவே அது விழுந்தது.

முகாச்சா மரத்தடியில் ஊரே கூடியிருந்த பிற்பகல் அது. ஆண்கள் முக்காலிகளில், பெண்கள் பாயில், குழந்தைகள் வேர்களின் மேல். ஜைரோஸ் முனெட்சியின் காலடியில் படுத்திருந்த செம்பழுப்பு நாய் சட்டென்று தலையைத் தூக்கியது. யாரோ கூப்பிட்டதுபோல் எங்கோ வெறித்தது. அடுத்த நொடி பக்கவாட்டில் சாய்ந்தது. நான்கு கால்களும் விறைத்தன. பிறகு உடம்பு முழுவதும் வெட்டி வெட்டி இழுத்தது. பற்கள் ஒன்றோடொன்று தட்டிய சத்தம் கடைசிப் பாயில் இருந்தவர்களுக்கும் கேட்டது. வாயோரம் நுரை. அடியில் ஈரம்.

"ஐயோ, விழுந்துருச்சு! பிள்ளைங்களத் தூக்குங்க!"

பெண்கள் முதுகில் கட்டிய குழந்தைகளோடு சிதறி ஓடினார்கள். ஒரு மோர்ப்பானை கவிழ்ந்தது. எல்லோரும் விலகி ஓட, ஒரே ஒரு மனிதன் மட்டும் அதை நோக்கி மண்டியிட்டான்.

ஜைரோஸ் பக்கத்தில் கிடந்த கற்களை ஒவ்வொன்றாக அப்புறப்படுத்தினார். காக்கி மேற்சட்டையைக் கழற்றி மடித்து நாயின் தலைக்கடியில் செருகினார். வெயில் அதன் கண்ணில் படாதபடி தன் முதுகால் மறைத்துக்கொண்டு, துள்ளும் விலாவின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"வந்தது போயிரும்டா. நான் இங்கதான் இருக்கேன். போயிரும்."

"நுரையத் தொடாதீங்க, பாபா செனாய்!" தூரத்திலிருந்து ஜைரோஸைப் பார்த்துக் கத்தினாள் பக்கத்து வீட்டுக்காரி மாய் ருவிம்போ. "உங்களுக்கும் ஒட்டிக்கும்! அப்புறம் நீங்களும் இதே மாதிரி காலை உதைப்பீங்க, நாங்க வேடிக்கை பாக்கணும்!"

அப்போதுதான் கூட்டத்தில் யாரோ அந்த வார்த்தையைச் சொன்னார்கள்.

"இன்னைக்கு வியாழன்!"

ஓடியவர்கள் நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போன வாரமும் வியாழன். அதற்கு முந்தின வாரமும் வியாழன்.

எங்கள் புஹேரா பக்கத்தில் வியாழன் என்றால் சீசி. முன்னோர்கள் ஓய்வெடுக்கும் நாள். அன்றைக்கு நிலத்தில் கொத்து விழக்கூடாது, ஏர் பூட்டக்கூடாது. மீறினால் மழை நின்றுபோகும், பிள்ளைகள் நோயில் விழுவார்கள். அந்த வருடம் மழையும் வரவில்லை. ஊர் பயந்துபோயிருந்தது. பயந்த ஊருக்கு முன்னால் ஒரு நாய் வியாழன்தோறும் நுரை தள்ளி விழுந்தால் என்ன ஆகும்?



*

ஜைரோஸ் முனெட்சி அரசாங்க மருந்துத் தொட்டியின் காவலாள். உண்ணிக் காய்ச்சல் மாடுகளைக் கொல்லாமல் இருக்க வாரம் ஒருமுறை ஊர் மாடுகளெல்லாம் அந்த நீளமான சிமெண்டுத் தொட்டிக்குள் குதித்து, நீந்தி, மறுபக்கம் ஏறி வரவேண்டும். தண்ணீர் எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று கோல் விட்டு அளந்து கலக்குவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடம். ஒருநாள் பிசகியதில்லை. வியாழக்கிழமை யாரும் வயலுக்குப் போகமாட்டார்கள், மாட்டை ஓட்டிவர ஆள் கிடைக்கும் என்று அந்தக் காலத்திலேயே அரசாங்கம் தொட்டி நாளை வியாழனில் வைத்துவிட்டது. தொட்டியில் மண் வெட்டுவதில்லை, அதனால் குற்றமில்லை என்று ஊரும் ஒப்புக்கொண்டிருந்தது.

அவருக்கு ஒரே மகள், செனாய். செனாயின் அப்பா, அம்மா என்று ஊர் அவர்களைப் பாபா செனாய், மாய் செனாய் என்றே கூப்பிடும். ஜோஹன்னஸ்பர்க்கில் துணிக்கடை வேலை. அவள் பஸ் ஏறிய அன்று மாய் ருவிம்போ வேலிக்கு மேலே தலையை நீட்டி, "போனவ எங்க திரும்பி வரப்போறா" என்று சொல்லிவிட்டாள். அடுத்த வாரமே செனாயின் அம்மா ஒரு நாய்க்குட்டியை வாங்கிவந்து அதற்கு டிச்சவோனா என்று பெயர் வைத்தாள். 'பார்க்கத்தானே போகிறோம்' என்று அர்த்தம். தினமும் காலையில் வேலியோரம் நின்று ஊருக்கே கேட்கும்படி நாயைக் கூப்பிடுவாள். மாய் ருவிம்போ விடுவாளா? தன் நாய்க்கு டனெட்டா என்று பெயர் மாற்றினாள். 'எங்களுக்கு அலுத்துப்போச்சு!' அதன்பின் இரண்டு பெண்களும் பேசிக்கொள்ள வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. நாய்களைக் கூப்பிட்டால் போதும்.

டிச்சவோனாவுக்கு ஒரு வயதானபோது முதல் வலிப்பு வந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம், சமையல் குடிசை வாசலில். செனாயின் அம்மா வீறிட்டுக்கொண்டு பின்வாங்கினாள். ஜைரோஸும் பின்வாங்கத்தான் நினைத்தார். ஆனால் கைகள் தாமாக முன்னால் போயின.

அந்தக் கைகளுக்கு ஒரு கடன் இருந்தது.

அவருக்கு எனியா என்று ஒரு தங்கை இருந்தாள். எட்டு வயதுப் பெண். அவளுக்கும் இதே நோய். ஒருநாள் அடுப்பங்கரையில் விழுந்தாள். வலிப்புக்காரரின் நுரை பட்டால் தொட்டவருக்கும் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாள். பதினோரு வயது ஜைரோஸ் வாசலில் நின்றார். அம்மாவும் நின்றாள், அலறிக்கொண்டு. எனியாவின் கை நெருப்புக்குள் கிடந்தது. வலிப்பு தானாக ஓயும்வரை யாருமே தொடவில்லை! பதினைந்தாம் நாள் அந்தக் குழந்தை போய்விட்டது. 'அண்ணா, நீ ஏன் என்னை இழுக்கல?' என்று ஒரே ஒரு முறை கேட்டாள்.

அதனால்தான் நாய் விழுந்தபோது அந்தக் கைகள் நிற்கவில்லை.

மூன்று வருடத்தில் அவர் எல்லாம் கற்றுக்கொண்டார். யாரும் சொல்லித்தரவில்லை. விழும் முன் நாய் வந்து அவர் முழங்காலை மூக்கால் இடிக்கும். உடனே அடுப்பை விட்டும் கிணற்றை விட்டும் தள்ளி மண்தரைக்குக் கூட்டிப்போவார். வாய்க்குள் எதையும் வைக்கக்கூடாது, இறுக்கிப் பிடிக்கக்கூடாது. ஓய்ந்தபின் கொஞ்ச நேரம் அதற்குக் கண் தெரியாது. சுவரில் முட்டும், வட்டமாகச் சுற்றும், தன் எஜமானையே பார்த்து உறுமும். அப்போது பேசிக்கொண்டே இருக்கவேண்டும். குரல்தான் அதற்கு வழி. பிறகு அகோரமாகப் பசிக்கும். சாட்ஸாக் களியில் புளித்த பால் ஊற்றிப் பிசைந்து வைப்பார்.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்போ இப்படிப் பிசைஞ்சு குடுத்திருக்கீங்களா?" என்பாள் மனைவி.

"நீ என்னைக்கு என் முழங்கால இடிச்சுச் சொல்லியிருக்க?"

அவள் சிரித்துவிடுவாள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதானே, சமாளித்துவிடலாம் என்றிருந்தார்கள்.

ஆனால் அந்த வருடம் அது வாராவாரம் ஆனது. அதுவும் வியாழன். வியாழன். வியாழன்!

*

ஊர்த்தலைவரை நாங்கள் சபுக்கு என்போம். சபுக்கு கெட்டவர் அல்ல. மரியாதை தெரிந்தவர். ஜைரோஸைக் குலப்பெயர் சொல்லி, "மோயோ" என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு மரத்தடியில் கூட்டம் மறுபடி கூடியதும், "ஜைரோஸ்!" என்றார். குலப்பெயர் போய்விட்டது.

"மூணு வாரமா வியாழக்கிழமை. நீ என்ன சொல்ற?"

"அதுக்கு நோய், சபுக்கு. ஒரு வயசுலேருந்து இருக்கு."

"நோய்க்குக் கிழமை தெரியுமா?"

ஜைரோஸும் இரவெல்லாம் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் சொல்றேன் கேளுங்க," என்று ஒரு கிழவர் எழுந்தார். "சீசி அன்னைக்கு மாட்ட ஓட்டி, தண்ணிய கலக்கி, ஊரே வேலை பாக்குது. யாரு பாக்க வைக்கிறா? இவன். முன்னோர்களுக்குக் கோபம். ஆனா அரசாங்கத்த அவங்க எப்படி அடிப்பாங்க? அதான் அரசாங்கத்தோட ஆள் வீட்டு நாயை அடிக்கிறாங்க."

கூட்டம் தலையாட்டியது. அந்தப் பேச்சில் ஓட்டை எதுவும் இருப்பதாக யாருக்கும் தெரியவில்லை. ஜைரோஸுக்கும் தெரியவில்லை!

"நாயோட நிக்குமா?" என்றாள் மாய் ருவிம்போ. "இன்னைக்கு நாய், நாளைக்குப் பிள்ளை. என் பொண்ணு ருவிம்போவும் ரெண்டு வாரமா ஒரு மாதிரியாத்தான் இருக்கா. சோறு எறங்கல, சும்மா சும்மா தூங்குறா. அந்த நாய் நுரைய மிதிச்சிருப்பா. எனக்கு இருக்கிறது ஒரே ஒரு பொண்ணு!"

தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள்.

சபுக்கு தீர்ப்புச் சொன்னார். தொட்டி நாளை மாற்றச் சொல்லிக் கால்நடை அலுவலகத்துக்கு அவரே கடிதம் எழுதுவார். சீசியை மீறியதற்கு ஜைரோஸ் ஒரு வெள்ளாடு தரவேண்டும். அதன்பிறகும் நாய் விழுந்தால், அது முன்னோர்களின் கோபம் அல்ல, வெறிநோய். கயிறு போட்டுக் கொன்றுவிட வேண்டும்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, சபுக்கு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் டிச்சவோனா அவர் கையை நக்கிக்கொண்டே வந்தது.

*

அலுவலகம் ஒப்புக்கொண்டது. தொட்டி நாள் சனிக்கிழமை ஆயிற்று.

அடுத்த வியாழன் வந்தது. தொட்டியில் வேலையில்லை. ஜைரோஸ் காலையிலிருந்து நாயை விட்டு அசையவில்லை. மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து நிலக்கடலை உடைத்தாள். உடைத்த கடலையெல்லாம் தரையில் விழுந்துகொண்டிருந்தது. மத்தியானம் கடந்தது. மாலை ஆயிற்று. நாய் கொட்டாவி விட்டது. கோழியைத் துரத்தியது. விழவில்லை!

செனாயின் அம்மா வாசலில் நின்று நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று குலவைகள் சேர்ந்துகொண்டன. சபுக்கு தாமே நடந்துவந்து பார்த்தார். "மோயோ!" என்றார் வாய் நிறைய. "சொன்னேனா இல்லையா?" அவர் முகத்தில் அவரே வலிப்பைக் குணப்படுத்திய பெருமை.

ஜைரோஸ் அழுதுவிட்டார். அன்றைக்கு அவர் தட்டிலிருந்த கோழித்துண்டு நாயின் தட்டுக்குப் போயிற்று.

சனிக்கிழமை. எழுநூறு மாடுகள் தொட்டியில் குதித்தேறின. கடைசி மாடு போனதும் வழக்கம்போல் டிச்சவோனாவைக் கூப்பிட்டார். போன மழைக்காலத்திலிருந்து அதுதான் தொட்டியில் கடைசி ஆள். வலிப்பு வந்து வந்து நாய் இளைக்கிறதே, இருக்கும் கொஞ்ச ரத்தத்தையும் உண்ணி உறிஞ்சலாமா என்று அவருக்குத் தோன்றிய நாளில் தொடங்கிய பழக்கம். நாயும் சந்தோஷமாகக் குதிக்கும். வலிப்பு கூடக்கூட அவர் அக்கறையும் கூடியது. நீந்தி வந்தபின் ஒரு தகரக் குவளையில் மருந்தைக் கொஞ்சம் கெட்டியாகவே கலந்து, உண்ணி ஒளியும் காதுமடலிலும் கழுத்திலும் கையாலேயே தேய்த்துவிடுவார். அன்றைக்குச் சந்தோஷத்தில் இரண்டு குவளை தேய்த்தார்.

வீடு வந்து ஒரு மணிநேரம் ஆகியிருக்கும். நாய் முழங்காலை இடிக்கவில்லை. எச்சரிக்கவே இல்லை. நின்ற இடத்தில் மரம்போல் சாய்ந்தது.

அப்படி ஒரு வலிப்பை அவர் பார்த்ததில்லை. இழுத்தது, ஓய்ந்தது, கண் திறக்குமுன் மறுபடி இழுத்தது. எச்சில் ஆறாக ஓடியது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. மூன்றாவது முறை. நான்காவது முறை.

"மாய் செனாய்! தண்ணி!"

மனைவி குடத்தோடு ஓடிவந்தாள். அதன் உடம்பில் தண்ணீரை ஊற்றிக் கையால் வழித்தாள். அந்தக் கையை மூக்கருகே கொண்டுபோனவள் அப்படியே உறைந்தாள்.

"பாபா செனாய்... இன்னைக்குச் சனிக்கிழமை."

"தெரியும்! அதான் கயிறோட வந்துருவாங்க!"

"அது இல்ல. வியாழக்கிழமை விழல. சனிக்கிழமை விழுந்திருக்கு." அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "தொட்டி நாளு மாறுச்சு. வலிப்பும் கூடவே மாறிடுச்சு."

ஜைரோஸ் அவளைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணிலெல்லாம் அந்த வெள்ளை மருந்து. அந்த நாற்றம். இருபத்திரண்டு வருடமாக மூக்குக்குப் பழகி, நாற்றம் என்றே தெரியாமல் போன அந்த நாற்றம்!

பீப்பாயின்மேல் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும்: மாடுகளுக்கு மட்டும். ஆயிரம் முறை படித்திருக்கிறார். அரசாங்கம் கருமி, நாய்க்கும் கழுதைக்கும் மருந்து செலவழிக்க மனசில்லை என்றுதான் அதற்கு அவர் அர்த்தம் சொல்லிக்கொண்டார்.

நான்! நானா? என் கையாலேயா?

தங்கையைத் தொடாத கை, நாயையாவது தொட்டதே என்று பெருமைப்பட்ட கை, வாராவாரம் விஷத்தைத் தேய்த்துவிட்டு அதே கையால் தலையைத் தடவிக் கொடுத்திருக்கிறது. அந்த நாயும் அந்தக் கையை நக்கியிருக்கிறது!

"அப்புறம் அழலாம்!" மனைவி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சோப்பு எங்க? எடுங்க!"

*

சபுக்குவும் ஊரும் வந்தபோது கணவனும் மனைவியும் முற்றத்தில் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். பச்சை சோப்புக் கட்டி பாதி கரைந்திருந்தது. ஏழாவது குடம். நாய்க்கு உயிர் இருந்தது. இழுப்பு நின்று, கால்கள் மட்டும் மெல்ல நடுங்கின.

முன்னால் வந்த இருவரில் ஒருவன் கையில் கயிறு. அவர்களுக்குப் பின்னால் மாய் ருவிம்போ, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு.

"ஜைரோஸ்! தள்ளு."

"தள்ளமாட்டேன், சபுக்கு."

எங்கள் ஊரில் சபுக்குவிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கூட்டம் மூச்சை இழுத்தது. ஜைரோஸ் நாயை மடியில் கிடத்தியபடியே பேசினார்.

"முன்னோர்க்குக் கோபம் இல்ல. வெறியும் இல்ல. நான்தான். தொட்டி மருந்து. வாராவாரம் நான்தான் இதுக்குத் தேய்ச்சேன். அது மாட்டுக்கு மட்டும்தான்னு பீப்பாயில எழுதியிருக்கு. படிச்சேன். படிச்சிட்டுத்தான் தேய்ச்சேன்."

"யாரு? நீயா?" சபுக்குவுக்குக் காதை நம்ப முடியவில்லை. "இருபது வருஷமா எங்க மாட்டையெல்லாம் உன்னை நம்பித்தானே விடறோம்!"

"அந்த நான்தான், சபுக்கு."

"நாயைக் காப்பாத்த மருந்து மேல பழி போடுறான்!" என்றான் கயிற்றுக்காரன். "தொட்டித் தண்ணியில விழுந்து எந்த மாடு செத்துச்சு? ஆள் நல்லா நடிக்கிறான்."

சிலர் சிரித்தார்கள். சபுக்கு கையை உயர்த்தி, கயிற்றுக்காரனுக்குக் கண்ணால் சைகை காட்டினார். அவன் ஒரு அடி எடுத்து வைத்தான். செனாயின் அம்மா குறுக்கே விழுந்து நாயின்மேல் படுத்துக்கொண்டாள்.

"பாபா செனாய்."

மாய் ருவிம்போ. அவள் கத்தவில்லை. அதுதான் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது.

"மாட்டுக்கு மட்டும்னா... பிள்ளைங்களுக்கு?"

யாருக்கும் புரியவில்லை.

"இவ தலையில பேனு. சொரிஞ்சு சொரிஞ்சு புண்ணு. நீங்க நாய்க்கு உங்க கையாலயே அவ்வளவு பாசமாத் தேய்க்கிறதப் பாத்தேன். அவ்வளவு பாசமாத் தேய்க்கிறாரே, நல்ல மருந்துதான்னு நெனச்சேன். உங்ககிட்ட வந்து கேக்க எனக்கு வாய் வரல. நீங்க போனப்புறம் நானே ஒரு சுரைக்குடுவையில மொண்டுட்டு வந்தேன். மூணு வாரமா... இன்னைக்கும் தேய்ச்சிருக்கேன்!"

தோளில் கிடந்த ருவிம்போவின் தலை ஒரு பக்கம் தொங்கியது. வாயோரம் எச்சில். கூந்தல் ஈரமாக மின்னியது. அப்போதுதான் எல்லோருக்கும் அந்த நாற்றம் அடித்தது.

கயிறு யார் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

ஜைரோஸ் நாயை மனைவியின் மடியில் தள்ளிவிட்டுப் பாய்ந்தார். குழந்தையைப் பிடுங்கித் தரையில் கிடத்தினார். "கத்தரிக்கோல்! சோப்பு! தண்ணி, எல்லாரும் தண்ணி எடுத்துட்டு வாங்க!" சபுக்குவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஐந்து வயதுக் குழந்தையின் முடியை ஜைரோஸ் ஒட்ட வெட்டினார். கழுவினார், கழுவினார். உதறிய அந்தச் சின்னக் கைகளைப் பிடித்துக்கொண்டு, நாயிடம் பேசும் அதே குரலில் பேசினார். "போயிரும்மா. நான் இங்கதான் இருக்கேன்." தாய் தரையில் விழுந்து மண்ணை அள்ளித் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

கடைக்காரரின் வண்டி கிடைத்தது. ஆஸ்பத்திரிக்கு முப்பது கிலோமீட்டர். இன்னும் ஒரு வாரம் தேய்த்திருந்தால் கொண்டுவந்திருக்கவே வேண்டாம் என்றாராம் அங்கே இருந்த டாக்டர். ஐந்தாம் நாள் ருவிம்போ மொட்டைத் தலையோடு, கையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு வண்டியிலிருந்து இறங்கினாள். குலவைச் சத்தத்தில் கோழிகள் கூரைமேல் ஏறின.

நாயைக் கொல்வதைப் பற்றி அதன்பின் யாரும் வாய் திறக்கவில்லை. சபுக்கு வெள்ளாட்டைத் திருப்பி அனுப்பினார். அது குட்டி போட்டிருந்தது. குட்டியைத் திருப்பவில்லை.

*

ஜைரோஸ் டிச்சவோனாவை முடாரே நகரத்துக்கு பஸ்ஸில் கூட்டிப்போய் ஒரு மாட்டு டாக்டரம்மாவிடம் காட்டினார். நடந்ததைச் சொல்லிவிட்டுத் திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாள் திட்டவில்லை. மருந்து வலிப்பைக் கூட்டியிருக்கிறது, ஆனால் நோய் முன்பே உள்ளது, முழுக்கப் போகாது, மாத்திரை கொடுத்தால் குறையும் என்றாள். காலையில் அரை, மாலையில் அரை. ஒருநாளும் நிறுத்தக்கூடாது. சட்டென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வரும்.

உள்ளங்கையில் வெள்ளையாக, மக்காச்சோள மணியைவிடச் சின்னதாக இருந்தது மாத்திரை.

"இது நாய் மாத்திரையா, அம்மா?"

"மனுஷங்களோடதுதான். வலிப்பு இருக்கிறவங்களுக்கு ஆஸ்பத்திரியில இதத்தான் குடுப்பாங்க. நாய்க்கும் கேக்கும்."

"இப்ப புதுசா வந்ததா?"

"இல்லப்பா. ரொம்பப் பழசு. உங்க அப்பா காலத்துலயே இருந்திருக்கும்."

ஜைரோஸின் கை மாத்திரையை மூடிக்கொண்டது. அப்போதே எங்கள் வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டரில், அந்த ஆஸ்பத்திரியில் இருந்ததா? ஒரு மக்காச்சோள மணி அளவா? எனியா! டாக்டரம்மா தண்ணீர் கொடுத்தாள். அவர் அதை நாய்க்கு வைத்தார். பஸ் புறப்படும்வரை சுவரோரம் நாயைக் கட்டிக்கொண்டு ஒரு பெரிய மனிதர் விம்மி விம்மி அழுததை நிலையத்தில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

மாத்திரை கொடுப்பது செனாயின் அம்மாவின் பொறுப்பாயிற்று. ரேடியோவில் காலைச் செய்தி ஆரம்பிக்கும்போது அரை, மாலைச் செய்திக்கு அரை, களியுருண்டைக்குள் ஒளித்து. நாய் களியை விழுங்கி மாத்திரையைத் துப்பும். அவள் திட்டிக்கொண்டே மறுபடி உருட்டுவாள். வியாழன் போயிற்று. சனி போயிற்று. இரண்டு மாதம் போயிற்று. மழையும் பெய்துவிட்டது. நாய் விழவே இல்லை. இனி விழாது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஜைரோஸும் உள்ளுக்குள் நம்ப ஆரம்பித்தார்.

ஊரே சேர்ந்து சபுக்கு வீட்டு மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்த ஒரு காலை. பாட்டும் கிண்டலுமாக இருந்தது. டிச்சவோனா எழுந்து வந்து ஜைரோஸின் முழங்காலை இடித்தது.



கதிர்க் குவியலிலிருந்து அதைத் தள்ளிக் கொண்டுபோகவே நேரம் சரியாக இருந்தது. விழுந்தது. இழுத்தது. பாட்டு நின்றது. எல்லோரும் கை அந்தரத்தில் நிற்க அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னைக்கு என்ன கிழமை?" என்றார் சபுக்கு.

"செவ்வாய்," என்றார் யாரோ.

"செவ்வாய்க்கு என்ன? சீசியா? தொட்டியா? யாராவது எதையாவது தேய்ச்சீங்களா? மோயோ, மாத்திரை குடுத்தியா?"

"குடுத்தோம், சபுக்கு. காலையில குடுத்தாச்சு."

"அப்புறம் யாரோட தப்பு?"

"யாரோட தப்பும் இல்ல." ஜைரோஸ் நாயின் விலாவிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார். "அதுக்கு வலிப்பு. வரும். வந்துட்டுப் போகும்."

சபுக்கு இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். கேட்க ஒன்றும் இல்லை. யாரையும் கோபிக்க வழியில்லாமல் அத்தனை பேர் ஒரு நாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாய் ருவிம்போ எழுந்தாள். இடுப்பில் கட்டியிருந்த மேல்துணியை அவிழ்த்தாள். நேராக நடந்துபோய் நாயின் தலையைத் தன் கையாலேயே தூக்கி, துணியை அடியில் வைத்தாள். நுரை அவள் மணிக்கட்டில் வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"எவ்வளவு நேரம் இழுக்கும், பாபா செனாய்?"

"இன்னும் கொஞ்சம்தான். முடிஞ்சதும் கண்ணு தெரியாது. பேசிக்கிட்டே இருக்கணும்."

"என்ன பேசணும்?"

"எது வேணா பேசு. அதுக்கு உன் குரல் நல்லாத் தெரியும். நாலு வருஷமா வேலிக்கு அந்தப் பக்கத்துலேருந்து கேட்டுக்கிட்டுத்தானே இருக்கு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செனாயின் அம்மா முறைத்தாள், பிறகு அவளும் சிரித்தாள். மாய் ருவிம்போ குனிந்து, நான்கு வருடத்துக்கு முன் தன்னைக் குத்திக்காட்டவே வைத்த அந்தப் பெயரைச் சொல்லி நாயைக் கூப்பிட்டாள். கால்கள் துடித்துக்கொண்டிருந்தன. அவள் மறுபடி மெதுவாகக் கூப்பிட்டாள். பின்னால் ஒருவர் பின் ஒருவராகக் கதிரைக் கையில் எடுத்தார்கள். மணிகள் மறுபடி கூடையில் விழத் தொடங்கின.